பழைய ஃபைபர் படகுக்கு நாமே பெயின்ட் அடிப்பது: டின்னைத் திறப்பதற்கு முன்

மொரீஷியஸின் மாயேபூரில் ஒருவரிடமிருந்து 6 மீட்டர் ஃபைபர் படகு வாங்கியிருக்கிறீர்கள். எண்பதுகளில் செய்தது. வெள்ளை மங்கிவிட்டது, கை வைத்தால் தூள் ஒட்டுகிறது, கயிறு கட்டும் கொக்கிகளைச் சுற்றி மெல்லிய வெடிப்புகள், அடிப்பாகத்தில் ஆங்காங்கே சிறு புடைப்புகள். எந்தப் பெயின்ட் நல்லது, நானே அடிக்கலாமா, க்யூர்பீப்பில் கார் பெயின்ட் ஷெட் வைத்திருக்கும் மச்சான் ஸ்பிரே கன் தருகிறேன் என்கிறார், அங்கேயே கொண்டுபோய் அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயின்ட் எது என்பது இதில் கடைசியாக முடிவு செய்ய வேண்டியது. தூள், வெடிப்பு, புடைப்பு மூன்றும் வெவ்வேறு நோய்கள். மூன்றுக்கும் மேலே ஒரே பெயின்ட்டைப் பூசினால் ஒரு பருவம் பளபளக்கும், அடுத்த வருடம் மூன்றும் மறுபடி தலைகாட்டும். தூத்துக்குடியில் ஃபைபர் வேலை பழகி, பிறகு இந்தத் தீவின் மேற்குக் கரையில் படகுப் பட்டறைகளில் பல வருடம் கழித்தவன் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். படகைத் தட்டிப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாத இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில் அந்தத் தூள். உங்கள் படகின் வெள்ளை அநேகமாகப் பெயின்ட்டே அல்ல. ஃபைபர் படகை அச்சில் வார்க்கும்போது முதலில் போடும் நிறமேற்றிய பாலியெஸ்டர் படலம் அது, ஜெல்கோட் என்போம். அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கனம் இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் மேற்பரப்பைச் சிதைக்க, நிறத்தூள் பிடிப்பில்லாமல் வெளியே வந்து கையில் ஒட்டுகிறது. கெட்டிருப்பது பெரும்பாலும் மேலே உள்ள மெல்லிய அடுக்கு மட்டுமே. அதனால் பெயின்ட் கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வெயில் அதிகம் படும் பக்கத்தில் ஒரு முழம் அகலத்துக்குச் சோப்பு போட்டுக் கழுவி, காய்ந்ததும் ரப்பிங் காம்பவுண்டைக் கையால் நன்றாகத் தேயுங்கள். பளபளப்பு திரும்பினால் உங்களுக்குப் பெயின்ட் வேண்டாம். முழுப் படகையும் மெஷினால் காம்பவுண்ட் போட்டு, மெழுகு பூசினால் போதும். வருடம் ஒரு முறையாவது மெழுகு போட வேண்டியிருக்கும், அது தொல்லைதான். ஆனால் ஒரு முறை பெயின்ட் அடித்துவிட்டால் அதற்குப் பிறகு காலம் முழுக்கப் பெயின்ட்தான். அந்தப் படகுக்குத் திரும்பும் வழி கிடையாது. தேய்த்த இடத்தில் வெள்ளைக்குள்ளிருந்து பழுப்பாகவோ பச்சையாகவோ கண்ணாடி இழையின் நெசவு தெரிய ஆரம்பித்தால் ஜெல்கோட் தேய்ந்து தீர்ந்துவிட்டது. அப்போது பெயின்ட் அடித்துத்தான் ஆக வேண்டும்.

முந்தைய சொந்தக்காரர் ஏற்கெனவே பெயின்ட் அடித்திருக்கவும் கூடும். கொக்கி ஒன்றைக் கழற்றி அடியில் பாருங்கள், நிற வித்தியாசம் காட்டிக்கொடுக்கும். பெயின்ட் இருந்தால், தின்னரில் நனைத்த பஞ்சை வைத்து மேலே பிளாஸ்டிக்கால் மூடி, பத்து நிமிடம் கழித்துச் சுரண்டுங்கள். இளகிக் கையோடு வந்தால் அது ஒரே டப்பாவில் வரும் சாதாரணப் பெயின்ட். அதன் மேல் ஹார்டனர் கலக்கும் இரண்டு டப்பாப் பெயின்ட்டை அடித்தால் அதிலுள்ள கடுமையான தின்னர் அடியிலுள்ளதைச் சுருக்கித் தூக்கிவிடும். பழையதை முழுக்க எடுத்தாக வேண்டும். இளகாமல் நின்றால், பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, நல்ல டேப்பை ஒட்டி வெடுக்கென்று பிய்த்துப் பாருங்கள். டேப்போடு சில்லுகள் வராவிட்டால் அந்தப் பெயின்ட்டை அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம்.

வெடிப்புகளுக்கு வருகிறேன். கொக்கியைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிந்திருந்தால், அந்த இடம் இழுவிசைக்கு அசைகிறது என்று அர்த்தம். டெக்குக்கு அடியில் தாங்கு பலகை இல்லாமலோ உளுத்தோ இருக்கும். அதைச் சரிசெய்யாமல் வெடிப்பை மட்டும் அடைத்தால் புதுப் பெயின்ட்டிலும் அதே நட்சத்திரம் வரும். அடியில் பலகையோ தகடோ வைத்து இறுக்கிய பிறகு, வெடிப்பை ‘வி’ வடிவில் கீறித் திறந்து எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பிசின்) பட்டியால் அடையுங்கள். கீறாமல் மேலே பூசும் பட்டி உள்ளேயே இறங்காது. மேற்பரப்பு முழுக்க மயிரிழை மாதிரி, எந்த இடத்தையும் மையமாகக் கொள்ளாமல் பரவியிருந்தால் அது ஜெல்கோட் கனமாகப் போட்டதாலோ வயதாலோ வந்தது. கனமான எபாக்ஸி பிரைமர் அதில் பெரும்பகுதியை மூடும். முழுவதையும் மூடும் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்ப வேண்டாம்.

இதே வேலையோடு படகு முழுவதையும் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் கணீரென்றும், அடுக்கு பிரிந்த இடம் பொத்தென்றும் ஒலிக்கும். குறிப்பாக எஞ்சின் தொங்கும் பின்பலகை. அந்தக் காலத்துப் படகுகளில் அதற்குள் பிளைவுட் இருக்கும். ஆணித் துளை வழியே தண்ணீர் இறங்கி உளுத்துப்போவது சர்வசாதாரணம். கீழே இருக்கும் ஒரு திருகைக் கழற்றினால் பழுப்புத் தண்ணீர் கசிகிறதா? கசிந்தால் பெயின்ட் பேச்சை நிறுத்திவிட்டுப் பின்பலகையைப் பாருங்கள். அது அழகு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, எஞ்சின் கடலில் விழும் விஷயம்.

அடிப்பாகத்துப் புடைப்புகளைப் பற்றித்தான் இணையத்தில் அதிகம் பயமுறுத்துவார்கள். ஒரு புடைப்பை, கண்ணாடி போட்டுக்கொண்டு, கூர்மையானதால் குத்துங்கள்; உள்ளே அழுத்தம் இருக்கும், பீச்சி அடிக்கும். வருவது வாசனையில்லாத வெறும் தண்ணீர், அடியில் ஜெல்கோட் முழுசாக இருக்கிறது என்றால், பழைய பெயின்ட் அடுக்குகள்தான் பிரிந்திருக்கின்றன. சுரண்டி எடுத்தால் முடிந்தது. பிசுபிசுப்பாக, வினிகர் போலப் புளித்த நெடியோடு வந்தால் அது ஆஸ்மோசிஸ். லிட்மஸ் தாளிலும் தெரிந்துகொள்ளலாம். கடல்நீர் காரத்தன்மை கொண்டது, இந்தத் திரவம் அமிலம், நீலத்தாளைச் சிவப்பாக்கும். வருடக்கணக்கில் தண்ணீரில் கிடக்கும் படகில் நீர் மூலக்கூறுகள் ஜெல்கோட் வழியே உள்ளே ஊடுருவி, சரியாக இறுகாத ரெசினின் மிச்சங்களைக் கரைக்கின்றன. அந்தக் கரைசல் மேலும் தண்ணீரை இழுக்கிறது, அழுத்தம் ஏறிப் புடைக்கிறது. இதனால் படகு மூழ்கிப்போவது மிக அபூர்வம். பத்து இருபது புடைப்புகள் என்றால் ஒவ்வொன்றையும் ஆழமில்லாத குழியாகக் குடைந்து, நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, வாரக்கணக்கில் காயவிட்டு, எபாக்ஸியில் சிலிக்கா தூள் கலந்து அடைத்து, மேலே எபாக்ஸி தடுப்புப் பூச்சு பல கோட் போட வேண்டும். காய்ந்த படலத்தின் மொத்தக் கனம் 250 மைக்ரானாவது வர வேண்டும். அடிப்பாகம் முழுக்கப் புடைத்திருந்தால் ஜெல்கோட்டையே சீவி எடுக்கும் வேலை. அதை வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன்.

எவ்வளவு நாள் காய வேண்டும் என்பதில் இந்தத் தொழிலில் ஒத்த கருத்து கிடையாது. ஈரமானியை வைத்துக்கொண்டு எண் சொல்பவர்கள் உண்டு, ஆனால் ஜெல்கோட்டின் உப்பும் பழைய பெயின்ட்டின் செம்பும் அந்த எண்ணைக் குழப்பும். நான் நம்புவது எளிய வழி: கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் வெயிலில் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்தால் இன்னும் காயவில்லை. கோக்காவிட்டால் முழுக்கக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமல்ல, வேலையைத் தொடங்கலாம் என்ற அளவுக்கு நம்பலாம்.

இனி மச்சானின் ஸ்பிரே கன். வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கார் ஷெட்டில் அடிக்கும் இரண்டு டப்பா பாலியுரேத்தேனிலும் படகுக்கான பாலியுரேத்தேனிலும் ஹார்டனராக இருப்பது ஐசோசயனேட். ஸ்பிரேயாக அடிக்கும்போது அது பனித்துளியாகக் காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் போகும். ஒரு முறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமா தாக்குதலைக் கொண்டுவரும், அந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தீராது. ஆபத்தான அளவு வந்துவிட்டதை மூக்கு எச்சரிக்காது. சாதாரண கார்ட்ரிட்ஜ் மாஸ்க் இதற்குப் போதாது, வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும். உங்கள் மச்சானிடம் அது இருந்தால் அவர் உடம்புக்கு நல்லது, ஆனால் படகுக்கு இன்னொரு கெடுதல் பாக்கியிருக்கிறது. கார் ஷெட்டில் பாலிஷும் டயர் பளபளப்பானும் என்று சிலிக்கான் எங்கும் பறக்கும். அது ஒரு சொட்டு பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காமல் வட்டவட்டமாக விலகி நிற்கும். அவர் கார் பட்டியையும் தருகிறேன் என்பார். பாலியெஸ்டரில் டால்க் தூள் கலந்த அந்தப் பட்டி ஈரத்தை உறிஞ்சும், நீர்க்கோட்டுக்குக் கீழே அதை விடவே கூடாது.

ரோலரால் உருட்டி, பின்னாலேயே பிரஷ்ஷின் நுனியால் லேசாக இழுத்துவிடும் முறையே தனியாக வேலை செய்பவருக்கு ஏற்றது. சரியாகச் செய்தால் இரண்டு அடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு ஸ்பிரே என்றே தோன்றும். இரண்டு டப்பாப் பெயின்ட்டையும் இப்படி அடிக்கலாம். பனி கிளம்பாததால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது, இருந்தாலும் திறந்த வெளியில், கையுறையும் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் கட்டாயம். முதல் முறை அடிப்பவருக்கு நான் சொல்வது ஒரே டப்பாவில் வரும் கடல் பாலியுரேத்தேன். பளபளப்பும் ஆயுளும் கொஞ்சம் குறைவு, ஆனால் பிழையைப் பொறுத்துக்கொள்ளும், கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்யலாம். எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்பீர்கள். நம் வெயிலில் ஒரு டப்பா மூன்று நான்கு வருடம், இரண்டு டப்பா அதைப் போல இரண்டு மடங்கு என்பது பட்டறைகளில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. படகு நிழலில் நிற்கிறதா, லகூனில் வருடம் முழுக்க வெயிலில் கிடக்கிறதா என்பதைப் பொறுத்து அந்தக் கணக்கு இரு பக்கமும் நன்றாகவே நகரும். நிறம் மட்டும் வெள்ளையோ வெளிர் சாம்பலோ வையுங்கள். கருநீலம் படத்தில் அழகாக இருக்கும். இங்கத்து வெயிலில் பழைய ஃபைபர் சூடேறி, அடியிலுள்ள நெசவு பெயின்ட்டின் மேல் வரிவரியாக அச்சாகும்.

எங்கே அடிப்பது, எப்போது அடிப்பது என்பதில்தான் இந்தத் தீவில் பாதி வெற்றி. க்யூர்பீப்புக்கு இழுத்துப் போகாதீர்கள். நடு மேட்டுநிலத்தில் வருடத்துக்கு 4000 மில்லிமீட்டருக்குப் பக்கமாக மழை பெய்யும்; மேற்குக் கரையில் அதில் நாலில் ஒரு பங்குகூட வராது. மேட்டில் பெய்யாத நாளிலும் தூறலும் ஈரக் காற்றும்தான். பாலியுரேத்தேன் இறுகும் முன் ஈரம் பட்டால் ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்து கரியமில வாயுவை விடும்; ஊசிமுனைக் குமிழிகளும் மங்கலும் மிஞ்சும். மாயேபூர் தென்கிழக்குக் காற்றின் வாயில் இருக்கிறது, ஜூலை ஆகஸ்டில் அந்தக் காற்று உப்புத் தூறலையும் மணலையும் ஈரப் பெயின்ட்டில் ஒட்டும். நவம்பரில் புயல் பருவம் தொடங்குகிறது. மீதி இருப்பது செப்டம்பரும் அக்டோபரும். வருடத்திலேயே மழை குறைந்தது அக்டோபர். அந்த மாதங்களில் மேற்குக் கரையில் கறுப்பாற்றுப் பக்கமோ ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் பக்கமோ, நாலு பக்கமும் திறந்த கூரைக் கொட்டகை கிடைத்தால் அதுவே போதும். கரும்புத் தோட்டத்தை ஒட்டிய இடம் வேண்டாம், வெட்டு டிசம்பர் வரை நடக்கும், சருகுத் தூள் எங்கிருந்தோ வந்து விழும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே, படகின் மேற்பரப்பு வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது மேலே என்பது பெயின்ட் டின்களில் வழக்கமாகப் போட்டிருக்கும் நிபந்தனை. நடைமுறையில், காலைப் பனி முழுக்கக் காய்ந்த பிறகு தொடங்கி மத்தியானத்தோடு நிறுத்துங்கள். மாலைப் பனி விழுவதற்குள் அதற்கு இறுக நேரம் வேண்டும். படகின் நிழல் விழும் பக்கத்தை அடியுங்கள், வெயில் சுற்றி வரும்போது நீங்களும் சுற்றிப் போங்கள்.

மேற்பரப்பைத் தயார்செய்வதில் ஆட்கள் தப்பும் இடம் ஒன்று உண்டு: கழுவாமல் உப்புத்தாள் போடுவது. பழைய மெழுகு அப்படியே இருக்க, தாளால் தேய்த்தால் அது கீறல்களுக்குள் அழுந்தி உட்கார்ந்துகொள்ளும், பிறகு எந்தப் பிரைமரும் பிடிக்காது. அதனால் முதலில் சோப்பு, பிறகு மெழுகு நீக்கும் சால்வென்ட். ஒரு துணியால் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் எடுக்க வேண்டும், துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரே துணியால் படகு முழுக்கத் துடைப்பவர் மெழுகை இடம் மாற்றுகிறாரே தவிர எடுக்கவில்லை. முடிந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டால் மெழுகு இருக்கிறது, ஒரே படலமாக வழிந்தால் போய்விட்டது. அதற்குப் பிறகே தாள்: ஜெல்கோட்டுக்கு 180 அல்லது 220, எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், அதை 320-ஆல் தேய்த்து, பிறகு மேல்பூச்சு இரண்டு அல்லது மூன்று. எபாக்ஸி இறுகும்போது சில வகைகளில் மேலே எண்ணெய்ப் பசை போல ஒன்று கசியும். அதைத் தேய்க்கும் முன் தண்ணீரும் கரகரப்பான பச்சைப் பேடும் கொண்டு கழுவிவிடுங்கள். கொக்கி, விளிம்பு ரப்பர், விளக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்டே அடியுங்கள். டேப் ஒட்டி அடித்த ஓரத்தில்தான் பெயின்ட் முதலில் உரியும். பதிவு எண்ணையும் அதன் இடத்தையும் படம் எடுத்து வையுங்கள், தேய்த்த பிறகு ஞாபகத்திலிருந்து எழுத முடியாது.

அடிக்கும்போது அவசரம் எல்லாம் விளிம்பில்தான். இரண்டு அடி அகலத்துக்கு மெல்லிய ஃபோம் ரோலரால் உருட்டி, உடனே நல்ல மயிர் பிரஷ்ஷை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுத்து, அடுத்த இரண்டு அடிக்கு நகருங்கள். போன பகுதியின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே புதியது அதில் கலக்க வேண்டும். முடித்த இடத்துக்குத் திரும்பிப் போய் ஒரு தடவை தொட்டாலும் தடம் நிற்கும். ஒருவர் உருட்ட இன்னொருவர் இழுத்தால் பாதிக் கஷ்டம் போய்விடும், மச்சானை இதற்குக் கூப்பிடுங்கள். பிரஷ் இழுபட்டால் வெயில் காலத்துக்கான மெதுவான தின்னரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், பெயின்ட் கம்பெனி சொல்லும் தின்னரைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

அளவுக்கு ஒரு கணக்கு: நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, பக்கச்சுவரின் சராசரி உயரத்தால் பெருக்கினால் பக்கச்சுவர்களின் பரப்பு கிடைக்கும். 6 மீட்டர் நீளம், 2.2 அகலம், 0.8 உயரம் என்றால் சுமார் 13 சதுர மீட்டர். லிட்டருக்குப் பத்து சதுர மீட்டர் என்று வைத்தால் ஒரு கோட்டுக்கு ஒன்றே கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே; மூன்று கோட்டுக்கு நான்கு லிட்டர். டெக்கும் உட்புறமும் இதில் சேரவில்லை. டெக்கில் வழுக்காத தூள் கலந்து அடியுங்கள், பளபளப்பான டெக்கில் மழை நாளில் நிற்க முடியாது.

இந்த மேல்பூச்சு நீர்க்கோட்டுக்குச் சில சென்டிமீட்டர் மேலேயே நின்றுவிட வேண்டும். எந்நேரமும் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் அது கொப்புளித்து உரியும். கீழே தடுப்புப் பூச்சும் அதன் மேல் பாசி, கொட்டலசு ஒட்டாத ஆன்டிஃபவுலிங் பெயின்ட்டும். படகை டிரெய்லரில் வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறக்குவீர்கள் என்றால் ஆன்டிஃபவுலிங் தேவையே இல்லை. லகூனில் கட்டிப் போடுவதாக இருந்தால் தவிர்க்க முடியாது, இந்த வெதுவெதுப்பான தண்ணீரில் பாசி பிடிக்க அதிக நாள் ஆகாது. பழைய ஆன்டிஃபவுலிங்கை உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். செம்புத் தூள் விஷம், எண்பதுகளின் படகு என்பதால் அடி அடுக்கில் வெள்ளீயச் சேர்மமும் இருக்கலாம். ஆர்க்கஷோன் குடாவின் சிப்பிகள் அதனால் கெட்டுப்போனதைப் பார்த்துப் பிரான்ஸ் சிறு படகுகளுக்கு 1982-லேயே அதைத் தடை செய்தது. உலகளாவிய தடை 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஈரத் தாளால் தேய்த்து, அடியில் தார்ப்பாய் விரித்து, வழியும் கழிவைச் சேர்த்து எடுங்கள். கடற்கரை மணலில் வைத்துச் சுரண்டினால் அத்தனையும் பவளப்பாறைக்குத்தான் போகும். செம்பு கலந்த ஆன்டிஃபவுலிங்கை எஞ்சினின் அலுமினியக் காலில் மட்டும் பூசிவிடாதீர்கள், உப்புத் தண்ணீரில் செம்பு அலுமினியத்தைத் தின்னும்.

கடைசிக் கோட் மறுநாளே தொட்டால் ஒட்டாது, அதைப் பார்த்து ஏமாந்து படகை இறக்க வேண்டாம். முழுசாக இறுக ஒரு வாரம், ஒரு டப்பாப் பெயின்ட் என்றால் இரண்டு வாரம். அதற்குள் பக்கத்தில் ஃபெண்டரை, அதாவது மோதலைத் தாங்கும் மெத்தை உருளையை, கட்டினால் அது தேய்ந்த இடத்தில் மங்கல் நிற்கும். ஈரத் தார்ப்பாயால் மூடினாலும் அதே கதி.